மொத்தம் தப்பாக வருகிறதா? வந்த எண்ணை முதலில் பாருங்கள்

பில் எண், தேதி, வாங்கியவர், சரக்கு, எடை, விலை, தொகை என்று பில்லிங் திரையில் ஏழு நெடுவரிசை உள்ள ஒரு டேபிள். "அதுக்குக் கீழ மொத்தம் மட்டும் வந்துட்டா போதும் தம்பி" என்றார் தானிய மண்டி அண்ணாச்சி. அரை மணி நேர வேலை என்று நினைத்துச் செய்து கொடுத்துவிட்டு வந்தேன். சோதனைக்கு அன்று மூன்றே மூன்று பில் ஏற்றியிருந்தார்கள்: 12,500, 3,400, 980. இரவு ஒன்பதரைக்குப் போன் வந்தது. "தம்பி, இன்னிக்கு மொத்த வியாபாரமே தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தஞ்சு ரூவாதான்னு சொல்லுது. கடையைச் சாத்திரவா?"

வர வேண்டியது 16,880. வந்தது 995. இந்த 995 எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க எனக்கு அன்று ஒன்றரை மணி நேரம் ஆனது. இன்றைக்கு என்றால் போனிலேயே சொல்லியிருப்பேன். ஏனென்றால் கூட்டுத்தொகைப் பிழைகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு முகஜாடை உண்டு. புரோகிராம் ஃபைலைத் திறப்பதற்கு முன் வந்திருக்கும் தப்பான எண்ணை ஒரு தாளில் எழுதி வைத்துப் பார்த்தால் பாதி வேலை முடிந்துவிடும்.

அதனால் இந்தக் குறிப்பு முழுக்க அதே மூன்று பில்லையே வைத்துக்கொள்கிறேன். உங்கள் திரையில் ஆயிரம் வரிசை இருந்தாலும், சோதிக்கும்போது மூன்று வரிசைக்குக் குறைத்துக்கொள்ளுங்கள். மூன்று எண்ணை மனதிலேயே கூட்டிவிடலாம். ஆயிரத்தைக் கூட்ட முடியாது.

நான் பேசுவது பெரும்பாலும் ஜேக்வெரி என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தோடு வரும் டேட்டாடேபிள்ஸ் பற்றி; வலைப்பக்க டேபிளில் தேடல், வரிசைப்படுத்தல், பக்கம் பிரித்தல் எல்லாம் செய்து தருவது அது. நம் ஊர் பில்லிங், சரக்கு இருப்புத் திரைகளில் இன்னமும் அதிகம் கண்ணில் படுவது அதுதான். கட்டளைப் பெயர்களைக் காதில் விழுகிறபடி எழுதுகிறேன். புரோகிராமில் வழக்கமான ஆங்கில எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

கீழே எதுவுமே வரவில்லை

முதலில் டேபிளில் டிஃபுட், அதாவது அடிவரிசைக்கான டேக், இருக்கிறதா என்று பாருங்கள். மொத்தத்தைக் கணக்கிடும் இடம் ஃபுட்டர்கால்பேக். எழுதும் இடம் டிஃபுட்டுக்குள் இருக்கும் செல். எழுத இடமே இல்லையென்றால் கணக்கு சரியாக நடந்தாலும் திரையில் ஒன்றும் தெரியாது. ஜேக்வெரி இங்கே ஒரு சின்னத் துரோகம் செய்கிறது. இல்லாத செல்லில் எழுதச் சொன்னால் பிழை என்று கத்தாது, சத்தமில்லாமல் நகர்ந்துவிடும். அதே வேலையை ஜேக்வெரி இல்லாமல் நேரே இன்னர்ஹெச்டிஎம்எல் மூலம் செய்திருந்தால், பிரவுசர் பிழைகளைக் காட்டும் கன்சோலில் சிவப்பாக ஒரு வரி வந்திருக்கும். டேட்டாடேபிள்ஸ் 2-லிருந்து நெடுவரிசை அமைப்பிலேயே ஃபுட்டர் என்று கொடுத்து அடிவரிசையை உருவாக்கலாம். பழைய 1.10 வகையறாவில் டிஃபுட்டை நாமே கையால் எழுத வேண்டும்.

டிஃபுட் இருந்தும் டேபிளே உடைந்து, கன்சோலில் "என்டிஎஃப்" என்ற விசித்திரமான சொல்லோடு ஒரு பிழை வந்தால், தலைவரிசையில் இருப்பதைவிட அடிவரிசையில் செல்கள் அதிகம் என்று அர்த்தம். மேலே ஏழு என்றால் கீழேயும் ஏழுதான். கோல்ஸ்பேன் போட்டிருந்தால் அதையும் சேர்த்துக் கூட்டிப் பாருங்கள்.

இன்னொரு வகை உண்டு. கன்சோலில் 16880 என்று அச்சாகிறது, திரையில் மட்டும் காணோம். ஸ்க்ரோல்எக்ஸ் அல்லது ஸ்க்ரோல்ஒய் போட்டிருக்கிறீர்களா? அப்படிப் போட்டால் உண்மையான அடிவரிசையை டேட்டாடேபிள்ஸ் தனி டேபிளுக்கு நகர்த்திவிடும். உள்ளே நகல் ஒன்றுதான் உயரமே இல்லாமல் கிடக்கும். நீங்கள் டேபிளின் ஐடியைப் பிடித்து "டிஃபுட்டின் ஏழாவது செல்" என்று தேடினால் அந்த நகலில் போய் எழுதுவீர்கள். செல்லை எப்போதும் ஏபிஐ.காலம்(6).ஃபுட்டர்() என்று டேட்டாடேபிள்ஸிடமே கேட்டு வாங்குங்கள். ஒரு நெடுவரிசையை மறைத்தால் மொத்தம் பக்கத்துச் செல்லுக்குத் தாவுகிறது என்ற புகாருக்கும் இதே மருந்துதான்.

இங்கே 6 என்பது ஏழாவது நெடுவரிசை, எண்ணிக்கை 0-விலிருந்து தொடங்குவதால். தொகைக்குப் பதில் விலையின் கூட்டல் வந்து நிற்கிறது என்றால் நீங்கள் ஒன்று பிசகியிருக்கிறீர்கள். எண்ணுக்குப் பதில் நெடுவரிசைக்கு ஒரு பெயர் வைத்து அந்தப் பெயரால் கூப்பிடுவது நல்லது. நாளைக்கே அண்ணாச்சி "எடைக்கு முன்னாடி மூட்டை எண்ணிக்கை ஒண்ணு போட்ரு" என்பார்.

0125003400980

இதைப் பார்த்ததும் சிரித்துவிடலாம். தொடக்கத்தில் ஒரு 0, பிறகு 12500, 3400, 980 ஒன்றோடொன்று ஒட்டியபடி. கூட்டல் நடக்கவில்லை, ஒட்டல் நடந்திருக்கிறது. ஜாவாஸ்கிரிப்டில் கூட்டல் குறியின் ஒரு பக்கம் எழுத்துச்சரமாக இருந்தால் போதும், இரண்டையும் ஒட்டிவிடும். 0-வோடு "12500" சேர்ந்தால் "012500".

எண்ணாகத்தானே டேட்டாபேஸில் வைத்திருக்கிறேன் என்று கேட்பீர்கள். வைத்திருப்பீர்கள். வழியில் மாறியிருக்கும். டெசிமல் வகை எண்ணை நோடின் மைஎஸ்க்யூஎல்2 டிரைவர் இயல்பாகவே சரமாகத்தான் கொடுக்கும். போஸ்ட்கிரெஸ் டிரைவரும் நியூமரிக் வகைக்கு அப்படியே. பிஎச்பியிலும் டெசிமல் சரமாகவே வந்து சேரும். இது அவர்களுடைய கவனக்குறைவு இல்லை. டெசிமலின் துல்லியம் ஜாவாஸ்கிரிப்ட் எண்ணுக்குள் அடங்காமல் போகலாம் என்பதால் வேண்டுமென்றே செய்தது. ஆகவே பட்டியலை ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டு போகும் ரெட்யூஸுக்குள் கூட்டும் முன் ஒவ்வொரு மதிப்பையும் எண்ணாக மாற்றுங்கள். ரெட்யூஸுக்குத் தொடக்க மதிப்பாக 0 கொடுக்கவும் மறக்காதீர்கள். சாதாரண அரேயில் அது இல்லாமல் காலியான பட்டியலைக் கூட்டினால் நேரே பிழைதான். ஒரே ஒரு வரிசை இருந்தால் இன்னும் மோசம்: கூட்டும் வேலையே நடக்காமல் அந்தச் சரம் அப்படியே திரும்பி வரும், அடுத்த வரியில் எண்ணை இத்தனை தசம இலக்கம் என்று வெட்டும் டூஃபிக்ஸ்ட் தடுக்கி விழும்.

ஒட்டிய சரத்துக்குள் "ஆப்ஜெக்ட் ஆப்ஜெக்ட்" என்று தெரிந்தால், டிடியில் (ஒரு செல்லுக்கான டேக்) வரிசைப்படுத்துவதற்காக டேட்டா-ஆர்டர் என்று ஒரு பண்பு கொடுத்திருப்பீர்கள். அப்போது அந்தச் செல்லின் தரவு, காட்டும் மதிப்பும் வரிசை மதிப்பும் சேர்ந்த ஒரு பொட்டலமாகிவிடும். அதற்குள்ளிருந்து வேண்டியதை எடுத்துக் கூட்ட வேண்டும்.

நேன்

"எண் அல்ல" என்று கம்ப்யூட்டர் கைவிரிக்கும் இடம். ஒரே ஒரு செல் கெட்டிருந்தாலும் மொத்தம் முழுக்க நேன் ஆகிவிடும், ஒரு குடம் பாலில் துளி விஷம் மாதிரி.

நம் நாட்டில் இதற்கு முதல் காரணம் ரூபாய்க் குறி. டேட்டாடேபிள்ஸ் கையேட்டில் உள்ள எடுத்துக்காட்டை எல்லோரும் நகலெடுக்கிறோம். அது நீக்குவது டாலர் குறியையும் கமாவையும் மட்டும். ₹12,500 என்ற செல்லில் கமா போகும், ₹ அப்படியே நிற்கும். அதை 1-ஆல் பெருக்கினால் நேன். காரணம் தெரியாமல் அந்த வரியை வருஷக்கணக்காகச் சுமந்துகொண்டிருக்கும் புராஜெக்ட்களைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்த காரணம் காலிச் செல்லில் நிற்கும் "-" அல்லது "இல்லை". மூன்றாவது, செல்லுக்குள் ஸ்பேன், இன்புட் போன்ற டேக்குகள். டேபிளை ஹெச்டிஎம்எல்லிலிருந்தே படிக்க விட்டிருந்தால், தரவு என்பது டிடிக்குள் இருக்கும் அத்தனையும்தான், டேக் உட்பட.

எந்தச் செல் என்று பிடிக்க, ரெட்யூஸுக்குள் மாற்றிய எண் நேன் ஆனால் மூலச் சரத்தைக் கன்சோலில் அச்சிடச் சொல்லுங்கள். "நேன் வந்தால் 0 என்று வைத்துக்கொள்" என்று எழுதித் தப்பிக்கப் பார்க்காதீர்கள். அப்படி எழுதினால் திரை அழகாக இருக்கும். ஒரு பில் மட்டும் கணக்கில் விட்டுப்போயிருக்கும். நேனாவது நேர்மையானது, தெரியாது என்று சொல்லிவிடுகிறது.

995

இதுதான் அன்று இரவு வந்த எண். 12 + 3 + 980. சரத்தை எண்ணாக மாற்றும் பார்ஸ்ஃப்ளோட் இடமிருந்து படித்துக்கொண்டே வரும், புரியாத எழுத்து வந்ததும் அதோடு நிறுத்திக்கொண்டு அதுவரை படித்ததைக் கொடுத்துவிடும். "12,500" என்பதில் கமாவில் நின்றுவிட்டது. "3,400" என்பதிலும் அப்படித்தான். 980-இல் கமா இல்லாததால் அது மட்டும் தப்பித்தது. லட்சத்தில் போகும் கடையில் 1,25,000 என்பது வெறும் 1.

இதன் அடையாளம்: ஆயிரத்துக்குக் கீழே உள்ள தொகைகள் மட்டும் சரியாகக் கூடியிருக்கும். சோதனையில் எல்லோரும் 100, 200 என்று போட்டுப் பார்ப்பதால் இது கையில் சிக்காமல் நழுவிப் போகும். பார்ஸ்ஃப்ளோட்டுக்குப் பதில் நம்பர்() என்று மாற்றினால் அதே செல் நேன் ஆகும். எனக்கு அதுவே மேல், தப்பு உடனே கண்ணில் படும்.

நிரந்தரத் தீர்வு வேறு. தரவில் வெறும் எண்ணை வையுங்கள், கமாவையும் ரூபாயையும், செல்லைத் திரையில் எப்படிக் காட்டுவது என்று சொல்லும் ரெண்டர் என்ற இடத்தில் போடுங்கள். காலம்().டேட்டா() கொடுப்பது மூலத் தரவை, ரெண்டர் செய்த அழகுபடுத்தலை இல்லை. அப்போது கூட்டும்போது எதையும் சுரண்டி எடுக்க வேண்டியதே இல்லை.

1.445

இது அபூர்வம், ஆனால் எனக்குப் பிடித்த பிழை. யாரோ ஒருவர் புத்திசாலித்தனமாக "இலக்கமும் புள்ளியும் தவிர எல்லாவற்றையும் நீக்கு" என்று ஒரு ரெஜெக்ஸ் எழுதியிருப்பார். செல்லில் இருப்பதோ "ரூ.12500". "ரூ" போய்விடும், புள்ளி போகாது. மிச்சம் ".12500", அதாவது 0.125. அடுத்தது 0.34. அடுத்தது 0.98. கூட்டினால் 1.445. பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய் பன்னிரண்டரைப் பைசா ஆன கதை.

அதே ரெஜெக்ஸ் இன்னொரு வேலையும் செய்யும்: கழித்தல் குறியையும் தின்றுவிடும். 980 ரூபாய் சரக்கு திரும்பி வந்து -980 என்று பதிவாகியிருந்தால் மொத்தம் 14,920 வர வேண்டும். குறி போய்விட்டால் 16,880 வரும். வித்தியாசம் 1,960, சரியாக 980-இன் இரண்டு மடங்கு. மண்டியில் கணக்கு எழுதும் அக்காவிடம் நான் கற்றது இது. கணக்கு ஒத்துவராவிட்டால் வித்தியாசத்தை முதலில் பாதியாக்கிப் பார்ப்பார். அந்தப் பாதித் தொகையில் ஒரு பதிவு இருந்தால் அது பக்கம் மாறி விழுந்திருக்கிறது என்று அர்த்தம். வித்தியாசம் ஒன்பதால் மீதியில்லாமல் வகுபட்டால் இலக்கம் இடம் மாறியிருக்கலாம், 540 என்பதை 450 என்று அடித்ததுபோல. பேரேட்டுக் காலத்து வித்தை. டேட்டாடேபிள்ஸுக்கும் அப்படியே பொருந்துகிறது.

கணக்காளர்கள் கழித்தலை (980) என்று அடைப்புக்குறிக்குள் எழுதுவதும் உண்டு. வேர்டிலிருந்து ஒட்டும்போது சாதாரணக் கழித்தல் குறிக்குப் பதில் சற்று நீளமான கோடு வந்து விழுவதும் உண்டு. இரண்டையுமே நம்பர்() எண்ணாக ஏற்காது.

33,760 அல்லது 29,380

33,760 என்பது 16,880-இன் சரியான இரட்டிப்பு. மொத்த வரிசையை டிஃபுட்டில் போடாமல் தரவு வரிசைகள் இருக்கும் டிபாடியில் கடைசி வரிசையாகச் சேர்த்திருப்பீர்கள். கூட்டும்போது அதுவும் சேர்ந்துகொண்டது. நெடுவரிசைத் தலைப்பைச் சொடுக்கி வரிசைப்படுத்தினால் "மொத்தம்" மேலே ஏறி உட்காரும். அதைப் பார்த்தே உறுதிசெய்யலாம். குழு வாரியாக நடுவில் உபமொத்தம் காட்டுகிறவர்களுக்கும் இதே வியாதி வரும்.

29,380 வேறு சாதி. இரட்டிப்பு இல்லை, 12,500 மட்டும் கூடுதல். அந்த ஒரு பில்லுக்கு மட்டும் இரண்டு தவணையாகப் பணம் வந்திருக்கிறது. டேட்டாபேஸில் பில் டேபிளை வரவு டேபிளோடு ஜாயின் செய்தபோது (இணைத்தபோது) அந்தப் பில் இரண்டு வரிசையாகப் பெருகிவிட்டது. குற்றம் எஸ்க்யூஎல் வினவலில் இருக்கிறது, திரையின் டேபிளில் இல்லை. எவ்வளவு கூடுதல் என்று கழித்துப் பார்த்தால் எந்தப் பில் என்றே தெரிந்துவிடும்.

இதற்கு இணையத்தில் அடிக்கடி கிடைக்கும் வைத்தியம் சம்(டிஸ்டிங்க்ட் தொகை). செய்யாதீர்கள். நாளைக்கு இரண்டு பேர் தனித்தனியாக 3,400-க்கு வாங்கினால் அது இரண்டையும் ஒன்றாக எண்ணிவிடும். வரவு டேபிளை முதலில் பில் எண் வாரியாகக் கூட்டி, பில்லுக்கு ஒரு வரிசை என்று ஆக்கிக்கொண்டு அப்புறம் ஜாயின் செய்யுங்கள்.

பக்கம் மாற்றினால் மொத்தம் மாறுகிறது, தேடினால் மாறவில்லை

புரோகிராமில் பிழையே இல்லாமல் சண்டை வரும் இடம் இது. மொத்தம் என்றால் எந்த வரிசைகளின் மொத்தம்? இப்போது கண்ணில் தெரியும் பத்து வரிசையா, தேடலில் சிக்கிய நாற்பது வரிசையா, இருக்கிற எல்லாமா? மூன்றுமே நியாயமான பதில். கேட்டவர் மனதில் ஒன்று, எழுதியவர் மனதில் வேறொன்று.

காலம்(6).டேட்டா() என்று சும்மா கேட்டால் எல்லா வரிசையும் வரும், தேடலில் ஒதுக்கப்பட்டவையும் சேர்த்து. கூடவே பேஜ்: கரன்ட் என்று கொடுத்தால் இந்தப் பக்கம் மட்டும். சர்ச்: அப்ளைட் என்று கொடுத்தால் தேடலில் தேறியவை, எல்லாப் பக்கத்திலிருந்தும். கையேட்டின் எடுத்துக்காட்டில் முதலிரண்டும் இருக்கின்றன. கடைக்காரர்களுக்கு நிஜமாக வேண்டியதோ மூன்றாவது. "இந்த வாரம் துவரம்பருப்பு எவ்வளவு போச்சு" என்று பார்க்கத்தான் தேடல் பெட்டியில் துவரம்பருப்பு என்று அடிக்கிறார்கள். அப்படி அடித்த பிறகும் கீழே கடையின் முழு மொத்தம் அசையாமல் நின்றால், அவர்கள் அதைத் துவரம்பருப்பின் மொத்தம் என்றே எழுதிக்கொண்டு போவார்கள். நான் இப்போதெல்லாம் தேடலின் மொத்தத்தைத்தான் இயல்பாக வைக்கிறேன். பக்க மொத்தத்தை யாராவது கேட்டாலொழியக் காட்டுவதில்லை. பக்கத்துக்குப் பத்து என்பது நாம் வைத்த எண், வியாபாரத்தில் அதற்கு ஒரு பொருளும் இல்லை.

எதைக் காட்டினாலும் செல்லில் வெறுமனே "மொத்தம்" என்று போடாமல், "தேடியதில் மொத்தம்" என்றோ "இந்தப் பக்கம்" என்றோ எழுதிவிடுங்கள். எனக்கு வரும் புகார்ப் போன்களில் பாதி அந்த ஒரு சொல்லால் நின்றன.

டேட்டாடேபிள்ஸுக்குப் பதில் டேன்ஸ்டாக் டேபிள் என்றால், அதில் இதே வித்தியாசம் கெட்ஃபில்டர்ட்ரோமாடலுக்கும் கெட்ரோமாடலுக்கும் நடுவில் இருக்கிறது: முன்னது தேடலில் தேறியவை, பின்னது இந்தப் பக்கத்தில் தெரிபவை. ஆங்குலர் மெட்டீரியலில் டேட்டாசோர்ஸின் ஃபில்டர்ட்டேட்டாவைக் கூட்டுங்கள்.

சர்வர்சைட் போட்ட பிறகு மொத்தம் சுருங்கிவிட்டது

பில்கள் ஐம்பதாயிரத்தைத் தாண்டியதும் திரை மெதுவாகிறது என்று சர்வர்சைட்: ட்ரூ என்று மாற்றியிருப்பீர்கள். அன்றிலிருந்து மேலே சொன்ன மூன்று விதமும் ஒரே பதிலைத்தான் தரும்: இந்தப் பக்கத்து மொத்தம். பிரவுசரிடம் அந்தப் பத்து வரிசை மட்டும்தான் இருக்கிறது. இல்லாததை அது எப்படிக் கூட்டும்?

மொத்தத்தைச் சர்வரே சொல்ல வேண்டும். வரிசைகளை எடுக்கும் வினவலில் எவை வேண்டும் என்று சொல்லும் "வேர்" நிபந்தனை என்ன இருக்கிறதோ, அதே நிபந்தனையோடு, எத்தனை வரிசை என்ற லிமிட் இல்லாமல் ஒரு சம். பதில் ஜேசனில் ரெக்கார்ட்ஸ்டோட்டல், ரெக்கார்ட்ஸ்ஃபில்டர்ட் போகிற இடத்தில் உங்கள் மொத்தத்தையும் ஒரு பெயரில் அனுப்புங்கள். ஃபுட்டர்கால்பேக்கில் ஏபிஐ.அஜாக்ஸ்.ஜேசன்() மூலம் அதை எடுத்து எழுதலாம். பதில் வருவதற்கு முன்பே ஒருமுறை அது ஓடக்கூடும் என்பதால், ஜேசன் வந்துவிட்டதா என்று பார்த்துவிட்டுத் தொடுங்கள்.

இங்கே இரண்டு பள்ளம். ஒன்று, வேர் நிபந்தனையை இரண்டு இடத்தில் தனித்தனியாக எழுதுவது. ஆறு மாதம் கழித்து ஒருவர் வரிசைகளின் வினவலில் "ரத்தான பில் வேண்டாம்" என்று சேர்ப்பார், மொத்தத்தில் சேர்க்க மறப்பார். பட்டியலில் இல்லாத பில்லின் பணம் மொத்தத்தில் இருக்கும். நிபந்தனையை ஒரே ஃபங்ஷனில் உருவாக்கி இரண்டுக்கும் கொடுங்கள். மற்றது, எதுவுமே சிக்காத தேடலில் சம் கொடுப்பது 0 இல்லை, "நல்", அதாவது மதிப்பே இல்லை. கோலெஸ் போட்டு 0 ஆக்காவிட்டால் திரையில் "நல்" என்றே வந்து நிற்கும்.

3.3000000000000003

1.1-உம் 2.2-உம் கூட்டினால் பிரவுசரில் வருவது இது. ஐஇஇஇ 754 முறையில் எண்கள் இரண்டடிமானத்தில் வைக்கப்படுகின்றன, 0.1 போன்ற பின்னங்கள் அதில் முழுசாக அடங்காது. வால் நீண்டால் எல்லோரும் டூஃபிக்ஸ்ட்(2) போட்டு வெட்டுகிறார்கள். காட்டுவதற்கு அது போதும். ஆனால் டூஃபிக்ஸ்ட் கொடுப்பது சரம். அதை மறுபடி எங்காவது கூட்டினால் மேலே பார்த்த 0125003400980 கதைக்குத் திரும்பிவிடுவீர்கள்.

பணக் கணக்கென்றால் பைசாவாக மாற்றி முழு எண்ணாகக் கூட்டுங்கள், கடைசியில் நூறால் வகுத்துக் காட்டுங்கள். மாற்றும்போது பார்ஸ்இன்ட் வேண்டாம், மேத்.ரவுண்ட் போடுங்கள். 19.99-ஐ நூறால் பெருக்கினால் ஜாவாஸ்கிரிப்டில் வருவது 1998.9999999999998, பார்ஸ்இன்ட் அதில் ஒரு பைசாவை விழுங்கிவிடும். டேட்டாபேஸில் தொகையை ஃப்ளோட்டாக வைத்திருந்தால் அங்கேயே டெசிமலுக்கு மாற்றிவிடுங்கள்.

இதெல்லாம் செய்தும் ஒரு பைசா உதைக்கிறதா? வரி நெடுவரிசையைப் பாருங்கள். 10.30 ரூபாய்க்கு 18 சதவீதம் 1.854, வட்டமாக்கினால் 1.85. அப்படி மூன்று வரிசை 5.55. ஆனால் 30.90-க்கு மொத்தமாக வரி போட்டால் 5.562, அதாவது 5.56. இரண்டும் சரியான கணக்குதான். எது வேண்டும் என்று ஆடிட்டரிடம் கேட்டு முடிவுசெய்ய வேண்டியது; நீங்களாக ஒன்றைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

செல்லைத் திருத்தினேன், மொத்தம் அசையவில்லை

ஃபுட்டர்கால்பேக் ஓடுவது டேபிள் மறுபடி வரையப்படும்போது. செல்லுக்குள் இருக்கும் இன்புட்டில் ஒருவர் 980-ஐ 890 ஆக்கினால் அது டேட்டாடேபிள்ஸுக்குத் தெரியவே தெரியாது. மாற்றத்தை செல்().டேட்டா(புது மதிப்பு) என்று சொல்லிவிட்டு டிரா(ஃபால்ஸ்) கூப்பிடுங்கள். அந்த ஃபால்ஸ் இல்லாவிட்டால் திருத்தும் ஒவ்வொரு முறையும் முதல் பக்கத்துக்குத் தூக்கி எறியும். பதினேழாவது பக்கத்தில் உட்கார்ந்து திருத்திக்கொண்டிருப்பவர் உங்களைச் சும்மா விடமாட்டார்.

ரியாக்ட்டில் எழுதுகிறவர்களுக்கு: பட்டியல் மாறினால் மட்டும் மறுபடி கணக்கிடும் யூஸ்மெமோவில் மொத்தம் கணக்கிட்டு, பட்டியலில் புஷ் போட்டு வரிசை சேர்த்தால் பட்டியல் அதே பட்டியல்தான் என்று அது மறுபடி கணக்கிடாது. புதுப் பட்டியலாகக் கொடுங்கள்.

அச்சிலும் எக்ஸெலிலும்

எக்ஸெலுக்கு ஏற்றுமதி செய்தால் மொத்தம் வரவில்லை என்றால், பட்டன்ஸ் நீட்சியின் பழைய பதிப்பாக இருக்கும். பட்டன் அமைப்பில் ஃபுட்டர்: ட்ரூ என்று கொடுங்கள்.

அச்சில் நேரெதிர்த் தொல்லை. பிரவுசர் நேரடியாக அச்சிடும்போது டிஃபுட்டை ஒவ்வொரு தாளின் அடியிலும் திரும்பத் திரும்பப் போடும். அது பிழையில்லை, டிஃபுட்டின் இயல்பே அப்படி. ஆனால் நாலு தாளிலும் 4,12,300 என்று இருந்தால் படிப்பவர் அதைத் தாளுக்கு ஒரு மொத்தம் என்று எண்ணி நாலையும் கூட்டிவிடுவார். அச்சுக்கான சிஎஸ்எஸ்ஸில் டிஃபுட்டின் டிஸ்ப்ளேயை டேபிள்-ரோ-குரூப் என்று மாற்றினால் கடைசித் தாளில் மட்டும் வரும்.

உங்கள் கணினியில் 4,12,300 என்றும் அவர்கள் கணினியில் 412,300 என்றும் தெரிந்தால், டூலோகேல்ஸ்ட்ரிங்குக்கு இடம் சொல்லாமல் விட்டிருக்கிறீர்கள். அது அந்தந்த பிரவுசரின் மொழி அமைப்பை எடுத்துக்கொள்ளும். என்-ஐஎன் என்று கொடுங்கள், லட்சக் கமா எல்லா இடத்திலும் வரும்.

எண் சரி, ஆனால் அர்த்தம் இல்லை

எடைக்கு மொத்தம் போட்டாயிற்று, தொகைக்குப் போட்டாயிற்று. நடுவில் விலை நெடுவரிசை மட்டும் அடியில் காலியாக நிற்கிறது. "அதுலயும் ஒண்ணு போட்ரு தம்பி, மொட்டையா இருக்கு" என்றார் அண்ணாச்சி. கிலோ 40-க்கு நூறு கிலோவும், 60-க்குப் பத்து கிலோவும் விற்றால் விலையின் மொத்தம் 100 என்பது எதையுமே சொல்லாது. சராசரி என்று 50 போட்டாலும் தப்பு. அப்படியென்றால் 110 கிலோவுக்கு 5,500 வந்திருக்க வேண்டும், கல்லாவில் இருப்பதோ 4,600. மொத்தத் தொகையை மொத்த எடையால் வகுத்தால் 41.82. அதைப் போட்டு, பக்கத்தில் "சராசரி" என்று எழுதிக் கொடுத்தேன்.

கணக்கு எழுதும் அக்கா கால்குலேட்டரில் ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டு, "இது போன வருஷம் இருந்திருந்தா உளுந்துல அவ்வளவு விட்டிருக்க மாட்டோம்" என்றார். அண்ணாச்சி காதில் விழாத மாதிரி வாசல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.